பாட்டிக்கு ஆயுள்வரை என்று எழுதிய நான்கு மா நிலம்: சித்தப்பாவின் அனுபவத்தில் இருந்தால் அப்பாவின் உரிமை போய்விடுமா?

காவிரிக்கரை (இழையைத் தொடங்கியவர்), 14 ஜூன் 2025

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் மன்னார்குடிக்குப் பக்கம். தாத்தா பினாங்கில் உழைத்துச் சேர்த்த பணத்தில் 1956இல் நான்கு மா நஞ்சை வாங்கினார். ஏறக்குறைய 1 ஏக்கர் 32 சென்ட். 1971இல் அதைப் பாட்டி பெயருக்குத் தான செட்டில்மெண்டாக எழுதிப் பதிவு செய்தார். தாத்தா 1973இலும் பாட்டி 2014 ஐப்பசியிலும் காலமாகிவிட்டார்கள்.

அப்பா மூத்தவர். 1979இல் வேலைக்காக ஓசூருக்குப் போனவர் அங்கேயே தங்கிவிட்டார். நிலத்தைச் சித்தப்பாதான் உழுகிறார். பாட்டி இருந்தவரை ஒவ்வொரு பொங்கலுக்கும் எங்களுக்கு இரண்டு மூட்டை நெல் வரும். பாட்டி போன பிறகு அது நின்றுவிட்டது. அப்பா கேட்கவும் இல்லை.

இந்த ஆண்டு பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, நிலத்தைப் பிரித்துக்கொள்ளலாம் என்று அப்பா மெதுவாகப் பேச்செடுத்தார். "பட்டா 1986இலிருந்து என் பெயரில் இருக்கிறது. அனுபவமும் என்னிடம்தான். பன்னிரண்டு வருடம் ஆண்டு அனுபவித்தவனுக்கே நிலம் என்று சட்டம் சொல்கிறது" என்று சித்தப்பா முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அப்பா அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை.

சித்தப்பா சொல்வது உண்மையா? நான்கு மாவில் வாய்க்கால் ஓரத்து ஒரு மாவை 1983இல் அத்தை கல்யாணத்துக்காகப் பாட்டியே பக்கத்து நிலக்காரருக்கு விற்றுவிட்டார். ஆகவே மீதி மூன்று மாவைப் பற்றித்தான் கேட்கிறேன்.

ஆற்றுமணல், 14 ஜூன் 2025

சொல்லக் கஷ்டமாக இருக்கிறது, ஆனால் போய்விட்டது என்றே நினைத்துக்கொள்ளுங்கள். எங்கள் கொள்ளுப்பாட்டனார் மனையில் வேறொருவர் கொட்டகை போட்டுக்கொண்டார். நாங்கள் வெளியூரில் இருந்தோம். இருபது ஆண்டு கழித்து வழக்குப் போட்டோம், தோற்றோம். பன்னிரண்டு என்றால் பன்னிரண்டுதான். உழுதவன் கையில் நிலம், ஊரைவிட்டுப் போனவன் கையில் காகிதம். நீதிமன்றம் நிலத்தில் நிற்பவனைத்தான் பார்க்கிறது.

நில அளவை, 14 ஜூன் 2025

நில அளவைத் துறையில் முப்பத்தோர் ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பட்டாவைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

1986 என்றதுமே யு.டி.ஆர். காலம் என்று புரிந்துவிட்டது. நில உடைமைப் பதிவேடுகளைப் புதுப்பிக்கும் அந்தத் திட்டம் அன்று மாநிலம் முழுவதும் நடந்தது. ஏக்கர், சென்ட் எல்லாம் ஹெக்டேர், ஏர்ஸ் ஆயின. உங்கள் நான்கு மா 0.53.5 என்று ஏறியிருக்கும். கிராமக் கர்ணம் பதவிகளை 1980இலேயே அரசு ஒழித்துவிட்டது. எந்த நிலம் யாருடையது என்று தலைமுறை தலைமுறையாக மனத்தில் வைத்திருந்த ஆட்கள் போய்விட்டார்கள். ஊருக்கு வந்த குழு, களத்தில் நின்றவர் பெயரையும் கிஸ்தி கட்டியவர் பெயரையும் பல இடங்களில் அப்படியே எழுதிக்கொண்டது. நானும் அப்படி எழுதப்பட்ட பதிவேடுகளோடுதான் பணிக்காலம் முழுவதும் போராடினேன். அண்ணன் தம்பி இருவரில் ஊரில் இருந்த தம்பி பெயர் மட்டும் ஏறிய பட்டாக்கள் ஒவ்வொரு வட்டத்திலும் உண்டு.

பட்டா வரி சம்பந்தமான பதிவு. ரயத்துவாரி முறையில் சர்க்கார் ஒவ்வொரு உழவனிடமும் நேரடியாகத் தீர்வை வாங்கியது. இந்த நிலத்துக்கு யாரிடம் கேட்பது என்ற கேள்விக்குப் பதில்தான் பட்டா. அந்தப் பழக்கத்தில் நம் மக்கள் அதையே சொந்தம் என்று எண்ணத் தொடங்கினார்கள். வருவாய்ப் பதிவேட்டில் பெயர் ஏறுவதால் உரிமை பிறப்பதும் இல்லை, பெயர் நீங்குவதால் உரிமை அழிவதும் இல்லை என்று உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. சித்தப்பாவின் பெயர் எந்த ஆவணத்தை வைத்து ஏறியது என்று கேட்டுப் பாருங்கள். 1986இல் பாட்டி உயிரோடு இருக்கிறார், செட்டில்மெண்ட் அவர் பெயரில் இருக்கிறது. அப்படியிருக்க மகன் பெயரில் பட்டா வர ஆவணம் ஒன்றும் இருந்திருக்க முடியாது.

நீதிமன்ற வாசல், 15 ஜூன் 2025

வக்கீலாக இருப்பவன் நான். ஆற்றுமணல் அண்ணனின் வேதனை புரிகிறது. ஆனால் அவர் சொன்ன வழக்கும் இதுவும் ஒன்றல்ல. பன்னிரண்டு ஆண்டு என்ற சொல் நம் ஊர்களில் பலருக்கு ஆயுதமாகிவிட்டது. அதன் முழுப் பொருளைச் சொல்ல விரும்புகிறேன்.

1963ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டத்தின் 65ஆம் உறுப்பு, உரிமையை அடிப்படையாக வைத்து நிலத்தை மீட்க வழக்குத் தொடுப்பவருக்கு 12 ஆண்டு தருகிறது. அந்த 12 ஆண்டு எதிராளி நிலத்தில் கால் வைத்த நாளிலிருந்து ஓடுவதில்லை. அவருடைய அனுபவம் உரியவருக்கு எதிரானதாக மாறிய நாளிலிருந்து ஓடுகிறது. 1908ஆம் ஆண்டுப் பழைய சட்டத்தின்படி, அனுபவத்தை இழந்து வந்த வாதி, பன்னிரண்டு ஆண்டுக்குள் தானும் அனுபவத்தில் இருந்ததாக நிரூபிக்க வேண்டியிருந்தது. 1963இல் அந்தச் சுமை இடம் மாறியது. இன்று வாதி தன் உரிமையை நிரூபித்தால் போதும். எதிரிடை அனுபவத்தால் அது அழிந்துவிட்டது என்று காட்ட வேண்டியவர் எதிராளி.

அதைக் காட்டுவது எளிதல்ல. அனுபவம் வெளிப்படையாக இருக்க வேண்டும், இடைவிடாமல் இருக்க வேண்டும், உரியவரின் அனுமதியோடு வந்ததாக இருக்கக் கூடாது. "இது உன்னுடையது என்று எனக்குத் தெரியும், ஆனாலும் என்னுடையது என்றே ஆள்கிறேன்" என்ற எண்ணம் உரியவருக்குத் தெரியும்படி இருக்க வேண்டும். எந்தத் தேதியிலிருந்து என்பதையும் சொல்ல வேண்டும். வீட்டைப் பார்த்துக்கொள்ள வைத்த ஆள் எத்தனை ஆண்டு தங்கினாலும் அந்த வீட்டில் அவருக்கு உரிமை வராது என்று மரியா மார்கரிடா வழக்கில் 2012இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது.

பங்காளிகளுக்குள் இது இன்னும் கடினம். ஒரு பங்காளி அனுபவிப்பது எல்லாப் பங்காளிகளுக்காகவும் அனுபவிப்பதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். பட்டா தனிப் பெயரில் இருப்பதும் விளைச்சலைப் பங்கிடாமல் இருப்பதும் மட்டும் போதாது. உனக்கு இதில் பங்கே இல்லை என்று வெளிப்படையாக மறுத்து, மற்றவர் அறிய விலக்கிவைத்திருக்க வேண்டும். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அப்படி ஒரு மறுப்பு முதன்முதலாக வந்தது இந்தப் பொங்கலன்றுதான்.

இன்னொன்று. ஆத்திரத்தில் ஆட்களோடு போய் வேலியைப் பிடுங்கிவிடாதீர்கள். உரிமை யாருடையதாக இருந்தாலும், நிலைபெற்ற அனுபவத்தில் இருப்பவரைப் பலவந்தமாக வெளியேற்ற முடியாது. அப்படி வெளியேற்றப்பட்டவர் குறித்தவகைப் பரிகாரச் சட்டத்தின் 6ஆம் பிரிவின்படி ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டால், உரிமையைப் பற்றிக் கேட்காமலேயே நீதிமன்றம் அனுபவத்தைத் திருப்பித் தரும். அனுபவத்துக்குச் சட்டம் தரும் மரியாதை அவ்வளவு பெரியது.

ஆற்றுமணல், 15 ஜூன் 2025

எங்கள் வழக்கில் எதிராளி பங்காளி இல்லை, வெளியாள். மனைக்கு நாங்கள் வரியும் கட்டவில்லை, ஒரு நோட்டீஸும் அனுப்பவில்லை. வித்தியாசம் இப்போது புரிகிறது. ஆனால் ஆக்கிரமித்தவனுக்குச் சட்டம் பரிசு கொடுப்பது எந்த ஊர் நியாயம் என்ற கேள்வி என் மனத்திலிருந்து போகவில்லை.

நீதிமன்ற வாசல், 15 ஜூன் 2025

அந்தக் கேள்வியை உச்ச நீதிமன்றமே 2008இல் ஹேமாஜி வழக்கில் கேட்டது. நேர்மையான உரிமையாளருக்கு இது கொடுமையான சட்டம், மாற்றுவதைப் பற்றி யோசியுங்கள் என்று மத்திய அரசைக் கேட்டுக்கொண்டது. அதற்குப் பிறகு 2019இல் ரவீந்தர் கவுர் கிரேவால் வழக்கில், எதிரிடை அனுபவத்தால் உரிமை பெற்றவர் வாதியாக வந்தும் அதைக் கேட்கலாம் என்று மூன்று நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. சட்ட ஆணையம் 2023இல் தன் 280ஆவது அறிக்கையில் சட்டத்தை மாற்றத் தேவையில்லை என்றது. என் சொந்தக் கருத்து உங்களுடையதற்கு நெருக்கமானதுதான். ஆனால் இன்றைய சட்டம் இது.

பழைய பத்திரம், 16 ஜூன் 2025

நாற்பது ஆண்டு ஆவண எழுத்தராக இருந்தவன். எல்லாரும் பன்னிரண்டு ஆண்டைப் பற்றியே பேசுகிறீர்கள், 1971 பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லையே! தம்பி காவிரிக்கரை, பாட்டி பெயருக்கு என்றால் எப்படி? சர்வ சுதந்திரமாகவா, ஆயுள் பரியந்தமா? தலைப்பில் ஆயுள்வரை என்று போட்டுவிட்டு உள்ளே ஒன்றும் சொல்லவில்லை. பெயர், ஊர், சர்வே எண் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு அந்த வரிகளை மட்டும் எழுத்து மாறாமல் இங்கே இடுங்கள்.

காவிரிக்கரை, 17 ஜூன் 2025

மன்னியுங்கள் ஐயா. பத்திரத்தைப் பார்த்து அப்படியே தட்டச்சு செய்கிறேன்:

"…மேற்படி சொத்தை நீ உன் ஆயுள் பரியந்தம் அனுபவித்துக்கொண்டு அதன் வரும்படியைக் கொண்டு ஜீவித்துக்கொள்ள வேண்டியது. மேற்படி சொத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ வேறெவ்வித பராதீனமும் செய்யவோ உனக்குப் பாத்தியமில்லை. உன் ஆயுளுக்குப் பின் நமது குமாரர்கள் இருவரும் சமபாகமாய்ச் சர்வ சுதந்திர பாத்தியத்துடன் தானாதி விநிமய விக்கிரயங்களுக்கு யோக்கியமாய்ப் புத்திர பௌத்திர பாரம்பரியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது."

பழைய பத்திரம், 17 ஜூன் 2025

எழுதியவர் தேர்ந்த கை. ஒவ்வொரு சொல்லும் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது.

"தானாதி விநிமய விக்கிரயங்களுக்கு யோக்கியமாய்" என்றால் தானம் கொடுக்கலாம், பரிவர்த்தனை செய்யலாம், விற்கலாம். "புத்திர பௌத்திர பாரம்பரியமாய்" என்றால் மகன், பேரன் என்று கால எல்லை இல்லாமல் இறங்கும். இந்த இரண்டும் சேர்ந்தால் முழு உரிமை. இவற்றைப் பாட்டி பெயருக்குப் பக்கத்தில் தாத்தா எழுதவில்லை, மகன்கள் பெயருக்குப் பக்கத்தில் எழுதியிருக்கிறார். பாட்டிக்குக் கொடுத்தது "ஆயுள் பரியந்தம் அனுபவம்". அதிலும் "பராதீனம் செய்யப் பாத்தியமில்லை", அதாவது யாருக்கும் கைமாற்ற உரிமையில்லை என்று கதவைச் சாத்திவிட்டார். இளையவர்கள் இந்த வரிகளைச் சடங்குக்காக எழுதும் வடமொழி என்று எண்ணித் தாண்டிவிடுகிறார்கள். நிலத்தின் தலையெழுத்தே இந்த வரிகளில்தான் இருக்கிறது.

வக்கீல் ஐயா, மீதியை நீங்கள் சொல்லுங்கள். 1983 கிரயத்தை நினைத்தால் எனக்கு மனம் பதைக்கிறது.

நீதிமன்ற வாசல், 18 ஜூன் 2025

எனக்கும் அதே பதைப்புத்தான். காவிரிக்கரை, நீங்கள் விட்டுவிடச் சொன்ன அந்த ஒரு மாவில்தான் அவசரம் இருக்கிறது. பொறுமையாகப் படியுங்கள்.

இங்கிலாந்துச் சட்டத்தில் நிலம் எல்லாம் அரசுக்கு உரியது, குடிமக்களிடம் இருப்பது அந்த நிலத்தில் ஒரு காலப்பகுதிக்கான உரிமை என்று ஒரு பழைய எண்ணம் உண்டு. 1066இல் நார்மானியர் வென்றபின் வளர்ந்த முறை அது. ஒருவனுக்கும் அவன் வாரிசுகளுக்கும் என்று கொடுத்தால் முடிவில்லாத உரிமை. அவன் ஆயுளுக்கு மட்டும் என்று கொடுத்தால் ஆயுள் உரிமை. ஒரே வயலில் இன்று அனுபவிப்பவர் ஒருவர், அவர் இறந்தபின் அனுபவிக்கப்போகிறவர் இன்னொருவர். இருவருக்கும் இன்றே உரிமை உண்டு, ஒருவருக்கு அது கைக்கு வந்திருக்கிறது, மற்றவருக்குக் காத்திருக்கிறது. நம் 1882ஆம் ஆண்டுச் சொத்துரிமை மாற்றுச் சட்டம் அந்த மொத்தக் கட்டடத்தையும் இங்கே கொண்டுவரவில்லை. ஆனால் நிலத்தை இப்படிக் காலத்தால் பிரிப்பதை அதுவும் ஏற்கிறது. உங்கள் தாத்தா 1971இல் செய்தது அதைத்தான். அன்றே உங்கள் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் தலா இரண்டு மாவில் உறுதியான பின்னுரிமை வந்துவிட்டது. அவர்களில் ஒருவர் பாட்டிக்கு முன்பே இறந்திருந்தால்கூட அவருடைய வாரிசுகளுக்கு அது போயிருக்கும்.

ஒருவர் தன்னிடம் இருப்பதைத்தான் விற்க முடியும். பத்திரத்தின்படி பாட்டியிடம் இருந்தது அவர் ஆயுளுக்கான அனுபவம். 1983இல் வாய்க்கால் ஓரத்து ஒரு மாவை வாங்கியவருக்குப் போய்ச் சேர்ந்ததும் அவ்வளவுதான். பாட்டி இருந்த 31 ஆண்டும் அவர் நிலத்தில் நியாயமாகவே இருந்தார். அந்தக் காலத்தில் உங்கள் அப்பா வழக்குப் போட்டு அனுபவத்தைக் கேட்டிருக்க முடியாது, ஏனென்றால் அவருடைய முறை வரவில்லை. இதற்காகவே 65ஆம் உறுப்பில் ஒரு விளக்கம் சேர்த்திருக்கிறார்கள். பின்னுரிமையாளர் வழக்குத் தொடுக்கும்போது, அவருடைய உரிமை கைக்கு வரும் நாளில்தான் எதிராளியின் அனுபவம் எதிரானதாக ஆகிறது. அந்த நாள் பாட்டி காலமான 2014 ஐப்பசி.

42 ஆண்டு அனுபவித்தவருக்கு எதிராகப் பத்தரை ஆண்டுதான் கழிந்திருக்கிறது. 2026 ஐப்பசியோடு கெடு முடிகிறது. அதன்பின் காலவரையறைச் சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி உங்கள் அப்பாவின் உரிமையே அழிந்துவிடும். சித்தப்பா பங்காளி, அவரோடு பாகம் கேட்க உங்களுக்கு நேரம் இருக்கிறது. வாங்கியவர் வெளியாள், அவரோடு இல்லை. வழக்கு என்று வந்தால் அப்பா பெயரில்தான் வர வேண்டும்.

ஆற்றுமணல், 18 ஜூன் 2025

எனக்கு நேர்ந்ததற்காக இத்தனை நாள் அழுதவன் இப்போது அந்தப் பக்கத்து நிலக்காரருக்காகப் பேசுகிறேன். அவர் ஆக்கிரமிக்கவில்லையே. ஒரு கல்யாணத்துக்குப் பணம் தேவைப்பட்டபோது முழு விலை கொடுத்துப் பதிவு செய்து வாங்கினார். நாற்பத்திரண்டு போகம் நட்டு அறுத்திருக்கிறார். அவர் பிள்ளைகளுக்கு அது சொந்த மண். அவரைப் போய்க் கிளப்புவதா?

மூன்றாம் மகள், 18 ஜூன் 2025

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். இவ்வளவு பேர் இவ்வளவு பேசியும் அத்தையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவர் கல்யாணத்துக்காக ஒரு மா போனது என்பதோடு அவர் கதை முடிந்துவிட்டதா?

1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவைப் பாருங்கள். இந்துப் பெண் அனுபவத்தில் வைத்திருக்கும் சொத்து அவளுக்கு முழு உரிமையுள்ள சொத்து. அதற்கு முன் விதவைக்கு ஆயுள்வரை சாப்பிட மட்டும் கொடுத்து, அவள் கண் மூடியதும் ஆண் வாரிசுகள் எடுத்துக்கொள்ளும் வழக்கம் இருந்தது. அதை ஒழிக்கத்தான் அந்தப் பிரிவு வந்தது. 1977இல் துளசம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது? மனைவிக்கு ஜீவனாம்சம் என்பது கணவனின் கருணை இல்லை, முன்பே இருக்கும் உரிமை. அந்த உரிமைக்காகக் கொடுத்த சொத்தில் ஆயுள்வரை என்று எழுதியிருந்தாலும் அது முழு உரிமையாக வளர்ந்துவிடும் என்றது. "வரும்படியைக் கொண்டு ஜீவித்துக்கொள்ள" என்று உங்கள் தாத்தாவே எழுதியிருக்கிறாரே. அது ஜீவனாம்சம் இல்லாமல் வேறு என்ன?

அப்படியானால் பாட்டி முழு உரிமையாளர். அவர் விற்றது செல்லும். மீதி மூன்று மா அவருடைய மூன்று பிள்ளைகளுக்கும் ஆளுக்கு ஒன்று. நானும் இப்படி ஒரு வீட்டில் பிறந்தவள்தான். சீர் செய்தாகிவிட்டது என்ற ஒரே சொல்லில் என் பெயரை எல்லாக் காகிதத்திலிருந்தும் எடுத்துவிட்டார்கள். அதனால்தான் இவ்வளவு அழுத்தமாகச் சொல்கிறேன்.

நீதிமன்ற வாசல், 19 ஜூன் 2025

சகோதரி கேட்டது மிகச் சரியான கேள்வி. நான் நேற்றே சொல்லியிருக்க வேண்டும்.

அதே 14ஆம் பிரிவில் இரண்டாவது உட்பிரிவு ஒன்று இருக்கிறது. தானம், உயில் போன்ற ஆவணத்தால் முதன்முறையாக ஒரு பெண்ணுக்குச் சொத்துக் கொடுத்து, அந்த ஆவணத்திலேயே எல்லை கட்டியிருந்தால் அந்த எல்லை நிற்கும். தாத்தா சொந்தமாகச் சம்பாதித்த சொத்து இது, பரம்பரைச் சொத்து இல்லை. 2006இல் சாது சிங் வழக்கில், கணவர் தன் சுயசம்பாத்தியத்தை உயில் மூலம் மனைவிக்கு ஆயுள்வரை கொடுத்தது இரண்டாவது உட்பிரிவில்தான் வரும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பத்திரத்தில் ஜீவனாம்சத்துக்காக என்பது தெளிவாக இருந்த வழக்குகளில் முதல் உட்பிரிவைப் பயன்படுத்தி முழு உரிமை என்று முடிவானதும் உண்டு. தீர்ப்புகள் இப்படி இரண்டு திசையில் போவதால், 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இந்தக் கேள்வியைப் பெரிய அமர்வுக்கு அனுப்பி வைத்தது.

உங்கள் பத்திரத்தில் இரண்டு பக்கத்துக்கும் பிடி இருக்கிறது. "ஜீவித்துக்கொள்ள" என்ற சொல் அத்தைக்கும் கிரயம் வாங்கியவருக்கும் உதவும். "பராதீனம் செய்யப் பாத்தியமில்லை" என்பதும் பின்னுரிமையை அவ்வளவு விரிவாக எழுதியதும் மகன்களுக்கு உதவும். அப்பா முழுதாக வென்றால் இரண்டு மா. தோற்றால் ஒரு மா. இடையில் நீதிமன்றத்தில் கழியும் ஆண்டுகளையும் அவர் வயதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். சித்தப்பாவுக்கும் அதே கணக்குத்தான். எந்த வழியில் போனாலும் மீதி மூன்று மாவும் தனக்கே என்று சொல்ல அவருக்கு இடமே இல்லை.

வலிகாமம், 20 ஜூன் 2025

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். உங்கள் பத்திரத்தை நாங்கள் உறுதி என்போம், ஆயுள் உரிமையைச் சீவிய உருத்து என்போம். தாய் தகப்பன் பிள்ளைக்குக் காணியை நன்கொடை உறுதியாக எழுதும்போது தங்கள் சீவிய உருத்தை வைத்துக்கொண்டே எழுதுவது இங்கே சாதாரணம். ஆகவே உங்கள் பாட்டியின் கதை எனக்கு அந்நியமாக இல்லை.

இங்கே எதிரிடை ஆட்சிக்குப் பத்து ஆண்டுதான். 1871ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. போர்க்காலத்தில் அந்தப் பத்து ஆண்டு என்ன செய்தது என்று யோசித்துப் பாருங்கள். வீட்டைப் பூட்டிவிட்டு ஓடினோம். உறுதி சில பேரிடம் மிஞ்சியது, பல பேரிடம் எரிந்து போனது. திரும்பி வந்தபோது காணியில் வேறு ஆட்கள். நாங்கள் விரும்பி விட்டுப்போகவில்லை, வழக்குப் போடவும் வழி இல்லை, ஆனாலும் ஆண்டுகள் எங்களுக்கு எதிராக எண்ணப்பட்டன. 2016இல்தான் நாடாளுமன்றம் ஒரு சிறப்புச் சட்டம் இயற்றி, போர்ச் சூழலால் உரிமையைக் கேட்க முடியாமல் போனவர்களுக்கு 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கிலிருந்து நீக்கியது.

வக்கீல் ஐயா சொன்ன விளக்கமும் இதுவும் ஒரே நியாயத்தில் நிற்பதாக எனக்குப் படுகிறது. கேட்க முடியாதவனுக்கு எதிராகக் காலம் ஓடக் கூடாது.

காவிரிக்கரை, 27 ஜூன் 2025

ஒரு வாரம் எழுதாததற்கு மன்னிக்க வேண்டும். சார்பதிவாளர் அலுவலகத்தில் 1983 கிரயப் பத்திரத்தின் நகல் எடுத்தேன். கடைசிப் பக்கத்தில் முதல் சாட்சியாக என் அப்பாவின் கையெழுத்து இருக்கிறது.

அவரிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார். ஓசூரிலிருந்து விடுப்பு எடுத்து வந்து அந்தக் கிரயத்தை முடித்துக் கொடுத்ததே அவர்தானாம். விலை பேசியதும் அவர்தான். பணத்தை மஞ்சள் பையில் வாங்கிக்கொண்டு நேராக நகைக்கடைக்குப் போனாராம்.

நீதிமன்ற வாசல், 27 ஜூன் 2025

சாட்சியாகக் கையெழுத்திட்டதாலேயே பத்திரத்தின் உள்ளடக்கத்துக்குச் சம்மதித்ததாக ஆகாது. எழுதியவர் கையெழுத்திட்டதைப் பார்த்தேன் என்பதற்கு மட்டுமே அது சாட்சி. ஆனால் அப்பா விலை பேசியிருக்கிறார், பணம் வாங்கியிருக்கிறார், வாங்கியவர் அவரை நம்பிப் பணம் கொடுத்திருக்கிறார். அப்படி நம்பவைத்துவிட்டுப் பிறகு எனக்கு உரிமை உண்டு என்று சொல்வதைச் சாட்சியச் சட்டம் முரண்தடை என்று தடுக்கும். நிரூபணம் எதிராளியின் பொறுப்பு என்று சொல்லி வழக்கை நடத்தச் சிலர் அறிவுரை தரக்கூடும். கூண்டில் ஏறி உங்கள் அப்பா உண்மையைச் சொல்வாரா மாட்டாரா என்று உங்களுக்கே தெரியும்.

காவிரிக்கரை, 6 ஜூலை 2025

உண்மையைத்தான் சொல்வார். அந்த ஒரு மாவைப் பற்றி இனிப் பேசக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

நேற்று ஊருக்குப் போய்வந்தோம். 1971 பத்திரத்தின் நகலைச் சித்தப்பாவிடம் கொடுத்தேன். இதை அவர் அதற்கு முன் பார்த்ததே இல்லையாம். படித்துவிட்டு, "அம்மாவுக்கு ஆயுள்வரைதான் என்று எனக்கு யாருமே சொல்லவில்லையே" என்றார். நில அளவை ஐயா சொன்னபடி பட்டா எப்படி வந்தது என்று கேட்டேன். அன்று வந்த அதிகாரிகள் யார் உழுகிறார்கள் என்று கேட்டார்களாம், தான் என்று சொன்னாராம், அவ்வளவுதான். அத்தையையும் வரச் சொல்லியிருந்தோம். சகோதரி மூன்றாம் மகள் எழுதியதை அப்பாவே அவர்கள் முன்னால் வாசித்தார். அத்தை எனக்கு எதுவும் வேண்டாம் என்றுதான் முதலில் சொன்னார். அப்பா விடவில்லை. மூன்று மாவை மூன்று பேரும் ஆளுக்கு ஒன்றாக எடுத்துக்கொள்வது என்று பேசியிருக்கிறோம். சித்தப்பா முழு மனத்தோடு சரி என்று சொல்லவில்லை, மறுக்கவும் இல்லை. மூன்று பங்கையும் அவரே உழட்டும், நெல் மட்டும் வரட்டும் என்று அப்பா சொன்னபிறகு தலையசைத்தார்.

பத்திரத்தின்படி அத்தைக்குப் பங்கு இல்லையே, அவரைப் பாகப்பிரிவினையில் சேர்க்கலாமா? அல்லது அப்பாவும் சித்தப்பாவும் தனித்தனியாகத் தானம் எழுத வேண்டுமா?

மூன்றாம் மகள், 6 ஜூலை 2025

உங்கள் அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

நீதிமன்ற வாசல், 7 ஜூலை 2025

சேர்க்கலாம். பாட்டிக்கு முழு உரிமை இருந்ததா இல்லையா என்பது உண்மையிலேயே வாதத்துக்குரியது. அப்படிப்பட்ட கேள்வியைக் குடும்பத்தார் தங்களுக்குள் நேர்மையாகத் தீர்த்துக்கொள்ளும் ஏற்பாட்டை நீதிமன்றங்கள் காப்பாற்றவே பார்க்கும். 1976இல் காலே வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விரிவாகச் சொல்லியிருக்கிறது. ஆனால் வாய்ப்பேச்சோடு விட்டுவிடாதீர்கள். எழுத்தில் பங்கு உருவாகிறது என்றால் பதிவு கட்டாயம். சித்தப்பாவே தொடர்ந்து உழுவதாக இருந்தால் மற்ற இருவர் பங்கிலும் அவர் எந்த நிலையில் இருக்கிறார் என்பதையும் தனியாக எழுதிவையுங்கள். குத்தகை என்று எழுதினால் 1955ஆம் ஆண்டுச் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் உள்ளே வரும், யோசித்து எழுதுங்கள்.

பழைய பத்திரம், 7 ஜூலை 2025

தம்பி, மூன்று தனித்தனிப் பத்திரம் வேண்டாம். ஒரே பாகப்பிரிவினை, மூன்று பேரும் கையெழுத்து. முதலில் 1956 கிரயம், பிறகு 1971 செட்டில்மெண்ட், பிறகு பாட்டி காலமான தேதி, எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லிக்கொண்டு வர வேண்டும். 1983 கிரயத்தை விட்டுவிடாதீர்கள். அந்த ஒரு மா பாட்டியின் கிரயப்படி வாங்கியவருக்கே சொந்தம், அதில் எங்களுக்கு எந்தப் பாத்தியமும் இல்லை என்று மூன்று பேரும் ஒப்புக்கொள்ளும் வரி ஒன்றை எழுதச் சொல்லுங்கள். முடிந்தால் அவருக்கே தனியாக ஒரு விடுதலைப் பத்திரம், அதாவது உங்கள் உரிமையை விட்டுக்கொடுக்கும் பத்திரம், எழுதிக் கொடுங்கள். அவர் பிள்ளைகள் நாளைக்கு விற்கப் போனால் உங்கள் 1971 பத்திரம் வில்லங்கத்தில் வந்து நிற்கும்.

பங்கு எழுதுமுன் நிலத்தை அளந்துவிடுங்கள். மூன்று மாவும் வாய்க்காலிலிருந்து எவ்வளவு தூரம், தண்ணீர் யார் பங்கு வழியாக யாருக்குப் போகிறது என்று வரைபடத்தில் குறித்துப் பத்திரத்தோடு இணையுங்கள். கடைமடைப் பங்கு யாருக்கு வருகிறதோ அவருக்கு மற்ற இரண்டு பங்கின் வழியாகத் தண்ணீரும் நடைபாதையும் உண்டு என்பதை மறக்காமல் எழுத வேண்டும். பதிவு முடிந்ததும் உட்பிரிவு கேட்டு மனுக் கொடுத்து, மூன்று பட்டாவும் தனித்தனியாக வரும்வரை விடாதீர்கள்.

1983 கிரயத்தின் நான்கெல்லை விவரம் இருக்கும் பக்கத்தை மட்டும் எனக்கு அனுப்புங்கள், பெயர்களை மறைத்துவிட்டு. வாய்க்கால் கிழக்கா மேற்கா என்று பார்த்துவிட்டு மாதிரி எழுதித் தருகிறேன்.